கள்ளமின்மைக்கு எந்தச் சொல்? ஸ்பானிய மொழியின் ஒரு சொற்குழு பற்றிய ஆய்வு

ஸ்பானிய மொழியைக் கற்கும் தமிழருள் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே அதை அடைகின்றனர். அகராதியும் பாடநூலும் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லும் பண்புக்கு அவர்கள் தேடும் ஸ்பானியச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் நிழலாகவே வந்து சேர்கிறது. 'சின்சியர்' என்றால் 'சின்செரோ', 'ஆனஸ்ட்' என்றால் 'ஒனெஸ்தோ', 'ஃபிராங்க்' என்றால் 'ஃபிராங்கோ', 'கேண்டிட்' என்றால் 'காந்திதோ' என்று ஒலியொற்றுமையை நம்பி எடுத்துக்கொள்ளப்படும் இந்த நான்கில் முதலாவதும் மூன்றாவதும் ஓரளவு பொருந்துவன. இரண்டாவது பல நூற்றாண்டுகளாக வேறொரு பொருளைச் சுமந்து வந்தது. நான்காவதோ, பாராட்ட நினைத்தவரை ஏமாளி என்று சொல்லிவிடும். ஏறத்தாழ 50 கோடிப் பேர் தாய்மொழியாகப் பேசுவதும் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக வழங்குவதுமான ஒரு மொழியில், இச்சொற்களின் எல்லைகள் நாட்டுக்கு நாடு சிறிது நகர்ந்திருப்பதும் இயல்பே. இக்கட்டுரையில் சொற்கள் லத்தீன் அமெரிக்க ஒலிப்பில் தரப்படுகின்றன. ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'சின்செரோ' என்பதன் இடையொலி நாவை முன்பற்களுக்கு இடையே வைத்து ஒலிக்கப்படும்.

உண்மை என்பது உள்ளத்தையும், வாய்மை என்பது வாயையும், மெய்ம்மை என்பது உடலின் செயலையும் சார்ந்தது என்று தமிழில் வழங்கும் மரபான விளக்கம் இங்குப் பெரிதும் உதவக்கூடியது. சொற்பிறப்பாக அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் ஸ்பானியச் சொற்குழுவைப் பிரித்தறிய அதைவிடக் கைக்கு எளிய கருவி கிடைப்பது அரிது. ஏனெனில் ஸ்பானிய மொழியும், சொல்லுக்கும் மனத்துக்கும் இடையே வேறுபாடின்மையை ஒரு சொல்லாலும், செயலில் பிறழாமையை வேறொரு சொல்லாலும், உணர்ச்சியின் ஆழத்தை இன்னொன்றாலும் குறிக்கிறது. எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பது தெளிந்தால்தான் எந்தச் சொல் என்பது தெளியும்.

வாயைச் சார்ந்த சொல் 'சின்செரோ'. அதன் மூலம் 'சின்கெருஸ்' என்ற லத்தீன் சொல். கலப்பில்லாத, கறைபடாத, முழுமையான என்பது அதன் பொருள். மனிதரின் பண்பைக் குறிக்க மட்டுமன்றிப் பொருள்களின் தூய்மையைக் குறிக்கவும் அது வழங்கிற்று. தூய்மையான கலத்தையும் அச்சொல்லால் சுட்டினர். 'மெழுகில்லாமல்' என்ற பொருள்படும் 'சினே சேரா' என்ற தொடரிலிருந்து இச்சொல் பிறந்தது என்றும், விரிசல்விட்ட பளிங்குச் சிலையை மெழுகால் பூசி விற்ற சிற்பிகளிடமிருந்து நல்ல சிற்பிகளைப் பிரித்துக்காட்ட இது எழுந்தது என்றும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை அழகானது, ஆயினும் சொற்பிறப்பியலாளர் அதை ஏற்பதில்லை. ஒரே வளர்ச்சியினது, வேறொன்று ஒட்டாமல் ஒன்றாகவே முளைத்தது என்று பொருள்படும் இரு வேர்களின் சேர்க்கை என்பதே அவர்களிடையே வலுவான கருத்து.

1713 இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச கல்விக்கழகம் தன் அகராதியில் இப்பண்புக்குத் தரும் விளக்கம் பாசாங்கின்மையைச் சொல்வதோடு 'சென்சியேஸ்', அதாவது எளிமை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எளிய என்று பொருள்படும் 'சென்சீயோ'வும் 'சின்செரோ'வும் வெவ்வேறு லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை; முன்னது ஒற்றை என்னும் பொருளுடைய சொல்லின் குறுமை வடிவத்திலிருந்து வந்தது. ஆனால் பேசுவோர் உள்ளத்தில் அவை உறவினராகவே வாழ்கின்றன. இதற்கு ஹொசே மார்த்தி 1891 இல் நியூயார்க்கில் வெளியிட்ட கவிதை நூலைவிட நல்ல சான்றில்லை. கியூப விடுதலைக்கு உழைத்த அக்கவிஞர் தம் நூலுக்கு எளிமையைச் சுட்டும் சொல்லால் பெயரிட்டார். முதல் கவிதையின் முதல் அடியிலோ தம்மைச் 'சின்செரோ' என்னும் அடையால் அறிமுகம் செய்துகொண்டார். பிற்காலத்தில் 'குவாந்தனமேரா' பாட்டின் வழியே அந்த அடி, ஸ்பானிய மொழி அறியாதவர்களின் வாயிலும் உலகெங்கும் ஒலித்தது. 'ஒனெஸ்தோ' என்றோ 'ஃபிராங்கோ' என்றோ அவர் அவ்விடத்தில் எழுதியிருக்க முடியாது என்பதை உணர, அச்சொற்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

'ஒனெஸ்தோ', 'ஒன்ராதோ' என்னும் இரண்டும் மதிப்பு, மானம் எனப் பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஸ்பெயினில் நெடுங்காலம் வழங்கிய ஒரு விளக்கம், இடுப்புக்கு மேலே காக்கப்படுவது 'ஒன்ராதோ', இடுப்புக்குக் கீழே காக்கப்படுவது 'ஒனெஸ்தோ' என்று இவற்றைப் பிரித்தது. அதாவது, பிறர் பொருளைத் தொடாதவர், வாங்கிய கடனைத் திருப்பித் தருபவர், கணக்கில் பொய் எழுதாதவர் 'ஒன்ராதோ'. நாணமும் ஒழுக்கமும் உடையவர், குறிப்பாகப் பாலொழுக்கம் பிறழாதவர் 'ஒனெஸ்தோ'. இந்தப் பாகுபாடு நூல்களில் இவ்வளவு கறாராக எப்போதும் காக்கப்பட்டது என்று சொல்ல இயலாது. கால்தெரோன் தெ லா பார்க்காவின் 17 ஆம் நூற்றாண்டு நாடகங்களில் 'ஒன்ரா' என்னும் மானம், மனைவியின் கற்பைப் பற்றிய ஊர்ப்பேச்சோடு பிணைந்து, கொலைவரை இட்டுச்செல்கிறது. ஆயினும் அன்றாட வழக்கில் இந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. ஒருவரை 'ஒனெஸ்தோ' என்பது அவர் மனத்திலுள்ளதை மறைக்காமல் பேசுபவர் என்பதைச் சொல்லவே இல்லை.

சொல்லின் இந்தப் பழைய சுமை அகராதிக்குள் மட்டும் அடைந்து கிடக்கவில்லை; சட்டத்தில் அமர்ந்து, மனிதரின் வாழ்வைத் தீர்மானித்தது. அர்ஜென்டினாவின் தண்டனைச் சட்டத்தொகுப்பில் பாலியல் குற்றங்களுக்குரிய பகுதியின் தலைப்பு, நேர்ச்சொல்லாகப் பெயர்த்தால், 'ஒனெஸ்திதாதுக்கு எதிரான குற்றங்கள்' என்றிருந்தது. இளம்பெண்ணை ஏமாற்றிக் கூடிய குற்றத்தை விவரிக்கும் பிரிவு, பாதிக்கப்பட்டவர் 'முஹேர் ஒனெஸ்தா', அதாவது ஒழுக்கமுடைய பெண்ணாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. குற்றத்துக்கு ஆளானவரின் உடலைக் காக்க வேண்டிய சட்டம், அவருடைய நடத்தைக்குச் சான்று கேட்டது. 1999 இல் நிறைவேறிய 25,087 ஆம் எண் சட்டம் அந்தத் தலைப்பை நீக்கி, பாலியல் சார்ந்த உடல்மன முழுமைக்கு எதிரான குற்றங்கள் என்று மாற்றியது. மெக்சிகோவின் 1931 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமும் கற்பும் 'ஒனெஸ்திதா'தும் உடையவளாக இளம்பெண் இருக்க வேண்டும் என்றே எழுதியது. ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது பேச்சில் மட்டும் நிகழும் சிறு பிழை என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்வது நன்று.

இன்றைய நிலை வேறு. அரசியல்வாதி 'ஒனெஸ்தோ' என்றால் ஊழல் செய்யாதவர் என்பதே செய்தித்தாளைப் படிப்பவர் கொள்ளும் பொருள். 'ஒன்ராதோ'வின் இடத்தில் பாதிக்கு மேல் அது வந்து அமர்ந்துவிட்டது. அதற்கும் மேலாக, ஆங்கிலத் திரைப்படங்களின் மொழிபெயர்ப்பும் வட அமெரிக்கத் தொடர்பும் சேர்ந்து, 'தே சோய் ஒனெஸ்தோ' (உன்னிடம் உண்மையாகவே பேசுகிறேன்), 'ஒனெஸ்தமென்தே' (உண்மையைச் சொன்னால்) என்னும் வழக்குகளை, குறிப்பாக அமெரிக்க நாடுகளின் இளைஞரிடையே, பரப்பியிருக்கின்றன. இவற்றைப் பிழை என்று தள்ள இனி இயலாது. ஆனால் எழுத்தில், அதிலும் மூத்தோருக்கு எழுதும்போது, வாயின் உண்மைக்குச் 'சின்செரோ', கையின் உண்மைக்கு 'ஒன்ராதோ' என்னும் பழைய பாகுபாட்டைப் பேணுவதே தெளிவுக்கு உகந்தது. கணக்கர் ஒருவர் முகத்துக்கு நேரே எதையும் சொல்லிவிடுபவராக இருந்துகொண்டே பணத்தைக் கையாடக்கூடும்; அவர் 'சின்செரோ', 'ஒன்ராதோ' அல்லர். வாயைத் திறக்காத காவலாளி, தெருவில் கிடந்த பணப்பையை உரியவரிடம் சேர்ப்பவராக இருக்கலாம். அவர் 'ஒன்ராதோ', 'சின்செரோ'வா என்பது இன்னும் தெரியாது.

'ஃபிராங்கோ' என்னும் சொல்லின் பிறப்பு ஓர் இனத்தின் பெயரில் இருக்கிறது. ரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின் கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டை ஆண்ட ஃபிராங்குகள் வரி முதலியவற்றிலிருந்து விலக்குப் பெற்ற ஆளும் மக்களாக இருந்ததால், அவர்களுடைய பெயர் கட்டற்றவர் என்னும் பொருளை அடைந்தது. அந்தப் பொருள் இன்றும் மொழியில் சிதறிக் கிடக்கிறது: சுங்கவரியில்லாத துறைமுகம் 'புவேர்தோ ஃபிராங்கோ'; அர்ஜென்டினாவில் தொழிலாளி ஒருவர் 'இன்று ஃபிராங்கோ' என்றால், அவருக்கு அன்று வார விடுமுறை என்று பொருள். ஒளிவுமறைவின்றிப் பேசுபவரை 'ஃபிராங்கோ' என்பதும் இதன் நீட்சியே. தடையில்லாத துறைமுகம் போலத் தடையில்லாத நாக்கு. எனவே 'சின்செரோ'வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது ஆனால் உறுதியானது. முன்னது மனமும் சொல்லும் ஒன்றாயிருப்பதை மட்டும் உறுதிசெய்கிறது; மென்மையாக, தயங்கித் தயங்கிச் சொன்னாலும் அது பொருந்தும். பின்னது, கேட்பவருக்குக் கசந்தாலும் சொல்லிவிடும் துணிவைச் சேர்த்துச் சொல்கிறது. நன்றியைச் 'சின்செரோ' என்று சொல்லலாம். 'ஃபிராங்கோ' என்று சொன்னால் வாக்கியம் திகைத்து நிற்கும்.

சுதந்திரத்தில் பிறந்த மற்றொரு சொல்லும் உண்டு. 'இன்ஹெனுவோ' என்பது லத்தீனில் அடிமையாகவன்றிச் சுதந்திரராகப் பிறந்தவரைக் குறித்தது. சுதந்திரரின் பேச்சு மறைவற்றது என்ற எண்ணத்தால் அது வெளிப்படையான என்னும் பொருளுக்கு வந்து, பிறகு அதுவும் தேய்ந்து, இன்று உலகம் தெரியாத அப்பாவி என்பதில் நிற்கிறது. வெண்மையைக் குறித்த 'காந்திதோ'வுக்கும் அதே கதி. பதவி வேண்டி நின்ற ரோமர் வெள்ளைத் துகில் அணிந்ததால் வேட்பாளருக்கு 'கந்திதாத்தோ' என்ற பெயர் வாய்த்தது. வெள்ளை மனத்துக்கு வாய்த்த 'காந்திதோ'வோ இப்போது எளிதில் ஏமாறுபவரின் பெயர். தமிழில் 'வெள்ளந்தி' என்னும் சொல் நடந்த வழியும் இதுவே என்பதால், தமிழ் வாசகர்க்கு இச்சொல்லை ஆங்கிலத்தின் துணையின்றி உணர்வது எளிது. மேலதிகாரியின் வெளிப்படைத்தன்மையைப் புகழ எண்ணி அவரைக் 'காந்திதோ' என்று எழுதுபவர், அவரை வெள்ளந்தி என்று எழுதியவராகிறார்.

உள்ளத்தைச் சார்ந்த சொற்களுக்கு வரும்போது, ஸ்பானிய மொழியின் இயல்பு வேறு விதமாகத் திறந்துகொள்கிறது. துக்கம் விசாரிக்கச் செல்பவர் இறந்தவரின் வீட்டில் சொல்லும் தொடர்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 'லோ சியென்தோ' என்பது மிக எளியது. அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள், 'அதை உணர்கிறேன்' என்பதே. மன்னிப்புக் கேட்பதற்கும் இதே தொடர்தான். இழப்பு, குற்றம் இரண்டிலும் பேசுபவர் அளிப்பது உணர்ச்சியை மட்டுமே. அடுத்தது, 'மி மாஸ் சென்தீதோ பேசமே'. 'பேசமே' இன்று இரங்கலைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஆனால் அது ஒரு காலத்தில் முழு வாக்கியமாக இருந்தது. 'பேசா' என்றால் கனக்கிறது. 'மே' என்றால் எனக்கு. 'எனக்குக் கனக்கிறது' என்ற பேச்சு உறைந்து பெயராகிவிட்டதால், இன்று ஸ்பானியர் 'பேசமே கொடுக்க'ச் செல்கிறார்கள். அதற்கு முன் நிற்கும் 'சென்தீதோ' என்பது உணர்தல் வினையின் எச்சம். உணரப்பட்ட என்று பொருள். ஆக அத்தொடர் முழுவதும் தன் நேர்மையைப் பற்றி ஒன்றும் பேசாமல், துயரத்தின் கனத்தையும் அது உணரப்பட்டதையும் மட்டும் சொல்கிறது. 'சின்செராஸ் கொந்தொலென்சியாஸ்' என்ற தொடரும் வழக்கில் உள்ளது; நிறுவனங்கள் அனுப்பும் இரங்கல் செய்தியில் அது குறையின்றிப் பொருந்தும். தாயை இழந்த நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்பவர் அரிது. அவ்விடத்தில் 'உன் உணர்வில் உன்னோடு வருகிறேன்' என்று பொருள்படும் 'தே அகொம்பாஞ்ஞோ என் எல் சென்திமியென்தோ' என்பதே காதுக்கும் மனத்துக்கும் இசைகிறது.

மனமார, மனப்பூர்வமாக என்னும் தமிழ் வழக்குக்கு மிக அருகில் நிற்பது 'தெ தோதோ கொராசோன்', அதாவது முழு இதயத்திலிருந்து. நன்றியும் வாழ்த்தும் மன்னிப்பும் இத்தொடரோடு சேரும்போது வெப்பம் பெறுகின்றன. 'சின்செரமென்தே' என்னும் வினையடை தராத வெப்பம் இது. அவ்வினையடை வாக்கியத்தின் முன்னே நின்றால், பெரும்பாலும் கசப்பான ஒன்று பின்னே வருகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. 'சின்செரமென்தே' என்று தொடங்கி நிறுத்துபவர், உணவு நன்றாக இல்லை என்றோ அந்த வேலை உனக்கு ஒத்துவராது என்றோ சொல்லப்போகிறார் எனக் கேட்பவர் ஊகித்துவிடுவார். அதே சொல் வினைக்குப் பின் நின்று, 'உனக்கு நன்றி சொல்கிறேன், சின்செரமென்தே' என்னும் அமைப்பில் வந்தால் அந்தக் கசப்பு மறைகிறது. அடைமொழியின் இடமும் இவ்வாறே: பெயருக்கு முன் நின்ற 'மி சின்செரோ அக்ரதெசிமியென்தோ' மேடைக்கும் கடிதத்துக்கும் உரிய சடங்குத்தொனி கொண்டது; பெயருக்குப் பின் நின்ற 'ஊன் ஓம்ப்ரே சின்செரோ' ஒரு மனிதரை மற்ற மனிதரிடமிருந்து பிரித்துக்காட்டுகிறது. 'ஃபிராங்கோ'வில் இந்த இடமாற்றம் பொருளையே புரட்டிவிடும். முன்னே நின்றால் அது ஐயத்துக்கு இடமற்ற என்றாகி, நோயாளி 'ஃபிராங்கா மெஹோரியா'வில் இருக்கிறார், அதாவது தெளிவாகத் தேறிவருகிறார் என்ற பொருளைத் தரும்.

கடித முடிப்பில் நிகழும் பிழையே தமிழரிடம் மிகுதியாக எதிர்பார்க்கத்தக்கது. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கும் பழக்கம் ஆங்கில அலுவலகக் கடிதத்திலிருந்து தமிழுக்கு வந்து வேரூன்றியது; அதே பழக்கத்தோடு ஸ்பானியக் கடிதத்தின் கீழே 'சின்செரமென்தே' என்று எழுதினால், படிப்பவருக்கு அது ஆங்கிலத்தின் வாடையோடு வந்து சேரும். அவ்விடத்துக்குரிய சொல் 'அதென்தமென்தே'. கவனத்தோடு, மரியாதையோடு என்பது அதன் பொருள். எழுதுபவரின் உண்மையை அன்று, பெறுபவர்பால் செலுத்தும் கவனத்தை அது சொல்கிறது. சற்றே நெருக்கம் வேண்டுமெனில் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த 'கோர்தியால்' உண்டு. நண்பர்க்கு 'ஊன் அப்ராசோ', ஒரு தழுவல், போதும். முற்காலத்தில் கடிதத்தின் அடியில் எழுதப்பட்ட சுருக்கங்களில் 'தங்கள் உறுதியான ஊழியர்', 'தங்கள் கையை முத்தமிடுபவர்' என்னும் தொடர்களின் முதலெழுத்துகள் அடங்கியிருந்தன. கைமுத்தம் வழக்கொழிந்தது, ஆனால் பெறுபவரை முன்னிறுத்தும் மரபு ஒழியவில்லை. ஆங்கிலம் எழுதுபவரின் நெஞ்சைச் சான்றாக்கும் இடத்தில் ஸ்பானிய மொழி பெறுபவரின் மதிப்பைச் சான்றாக்குகிறது.

பேச்சில் உண்மையை வலியுறுத்தும் சிறுசொற்களை விரைந்து பார்த்தாலே போதும். 'தெ பெர்தாத்', 'தெ பேராஸ்', 'என் சேரியோ' என்பன எங்கும் செல்லுபடியாகும். மெக்சிகோவில் 'லா நேதா', அர்ஜென்டினாவில் 'போஸ்தா' ஆகியன நண்பர் வட்டத்துக்குரியவை. முதல் சந்திப்பில் அயலார் அவற்றைக் கையாள்வது பொருந்தாது. 'லா பெர்தாத் எஸ் கே' (உண்மை என்னவென்றால்) என்பது பலரிடம் மூச்சுவிட எடுத்துக்கொள்ளும் இடைவெளியாகத் தேய்ந்துவிட்டது.

தேய்வதற்கு மாறாக, அண்மைக் காலத்தில் 'சின்செரோ'வின் குடும்பம் பெருகியும் இருக்கிறது. மனத்தைத் திறந்து கொட்டுதல் என்னும் 'சின்செரார்சே' பழைய வினை. அதே வினை அர்ஜென்டினாவின் பொருளியல் பேச்சில், மானியத்தால் மறைந்திருந்த விலையை உண்மையான அளவுக்கு உயர்த்துவதைக் குறிக்கலாயிற்று. 2016 இல் அந்நாடு, அறிவிக்கப்படாத சொத்துகளை வெளிப்படுத்தக் கொண்டுவந்த திட்டம் 'சின்செரமியென்தோ ஃபிஸ்கால்' என்றே அறியப்பட்டது. விலைக்கும் வரிக்கும் மனத்தூய்மையைக் குறித்த சொல்லை வழங்குவது மக்கள்மீது விழும் சுமையை இனிமையாக்கிக் காட்டும் வேலை. இச்சொல்லாட்சியை எழுத்தாளர் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். 2019 இல் அந்நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் கிறிஸ்தினா ஃபெர்னாந்தேஸ் தெ கிர்ச்னர் தம் நினைவுக்குறிப்பு நூலுக்கு 'சின்செரமென்தே' என்று பெயரிட்டார். உண்மையை அளவின்றிக் கொட்டித் தன்னையே கெடுத்துக்கொள்வதற்குத் தற்கொலையைக் குறிக்கும் சொல்லோடு 'சின்செரோ'வை ஒட்டி 'சின்செரிசீதியோ' என்றொரு சொல்லும் செய்தித்தாள்களில் புழங்குகிறது.

இத்தகைய தேர்வுக்கு உதவ எழுந்த நூல்களுள் இரண்டு தனித்து நிற்கின்றன. ஹூலியோ கசாரேஸ் 1942 இல் வெளியிட்ட அகராதி, சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்லாமல், கருத்திலிருந்து சொல்லுக்குச் செல்லும் வழியை அமைத்தது. நூலகராகப் பணியாற்றிய மரியா மொலினேர் ஆண்டுக்கணக்கில் தம் வீட்டிலேயே தனியாகத் தொகுத்து 1966, 1967 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்த பயன்பாட்டு அகராதி, ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொற்களின் அண்டையில் வாழ்கிறது என்பதைக் காட்டியது. இருமொழி அகராதி தரும் ஒற்றைச் சொல்லோடு நிறைவடையாமல், இந்நூல்கள் காட்டும் அண்டைவீடுகளையும் எட்டிப்பார்ப்பவரே இக்குழுவை அறிய முடியும்.

எனினும் அகராதி எட்டாத ஓர் இடம் இருக்கிறது. அன்பைச் சொல்லும் இரு தொடர்களான 'தே கியேரோ', 'தே ஆமோ' என்பவற்றில் முன்னது தேடுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. விரும்புதல், வேண்டுதல் என்பனவும் அதன் பொருள்கள். ஸ்பெயினில் கணவனும் மனைவியும் தாயும் பிள்ளையும் நாள்தோறும் சொல்வது அதையே. 'தே ஆமோ' அங்குப் பலருக்கு நாடக வசனம் போல ஒலித்து, உண்மையைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிடும். லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளிலோ நண்பர்க்கும் உறவினர்க்கும் 'தே கியேரோ' போய்ச்சேர, துணைவருக்கு 'தே ஆமோ' என்பதே முழு அன்பின் சொல்லாக நிற்கிறது. இதனினும் வியப்பானது கொலம்பியாவின் ஆண்டிய மலைப்பகுதி வழக்கு. 'நீங்கள்' என்பதற்குரிய 'உஸ்தேத்' என்னும் மரியாதைச் சொல்லை அங்குக் கணவன் மனைவியிடமும் நண்பன் நண்பனிடமும் வழங்குவது இயல்பு. வேற்றூரார் காதுக்கு விலகலாகப் படும் அந்த வடிவத்திலேயே, மனைவியை நோக்கி 'லா கியேரோ முச்சோ' என்கிறார் பொயாக்கா பகுதியைச் சேர்ந்த உழவர்.